அடியில் என்ன எழுதியிருக்கு?

அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதைப்போல் எரிச்சல் தருகிற வேலை வேறில்லை. கோப்பையை வாங்கியதும் குடிக்க மாட்டார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து அதன் அடியைப் பார்ப்பார். எந்த நாட்டில் செய்தது, எந்தக் கொம்பனி, என்ன முத்திரை என்று வாசித்து முடித்த பிறகுதான் முதல் மிடறு. கலியாணம் முடித்துப் புதிதாக வந்திருந்த என் மனைவி இதை முதல் தரம் கண்டபோது முகம் சிவந்து குசினிக்குள் வந்தாள்.

"ஏனப்பா, கோப்பையிலை ஊத்தை கிடக்கோ? நான் நல்லாத்தானே கழுவினனான்."

"ஊத்தை ஒண்டுமில்லை. அவருக்கு அது ஒரு வருத்தம், மருந்தில்லை" என்றேன்.

ஊரில் அவர் நிறை அளவைப் பரிசோதகராக இருந்தவர். சந்தைக்கும் கடைகளுக்கும் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதிக்கிற அரசாங்க உத்தியோகம். ஒவ்வொரு படிக்கல்லிலும் அந்தந்த வருடத்து முத்திரை குத்தியிருக்க வேண்டும். பெரும்பாலும் அது அடியில்தான் இருக்கும். "படியைக் கவிழ்த்துப் பாக்காமல் கடைக்காரன்ரை முகத்தைப் பாத்து நம்பினால் சனத்துக்கு அரிசி குறையும்" என்பார். சொந்தத் தாய்மாமனின் கடைக்கே தண்டம் எழுதியவர். "மாமா என்னைத் தன்ரை செத்தவீட்டுக்கும் வரக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் செத்தவர்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். "போனீங்களோ?" என்று கேட்டால், "போனன். படலையடியிலை, வெளியிலை நிண்டனான்" என்பார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. சுவிஸை விட்டு அவர் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. பிரான்ஸில் கண்டதாக ஒருவர் சொன்னார். கொழும்பு விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டார்களாம் என்று இன்னொருவர். எங்கேயாவது வேறு பெயரில் உயிரோடு இருந்தால் என்னால் அவருக்குக் கரைச்சல் வரக்கூடாது. ஏற்கெனவே என்னால் வந்த கரைச்சல்கள் போதும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸேக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இரண்டு அறையில் நாலு பேர் இருந்தோம். எல்லோரும் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள். அவருக்கு நாற்பது வயது, எங்களுக்கெல்லாம் இருபத்தைந்து சொச்சம். அவர் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். ஒவ்வொரு தட்டையும் கழுவுவதற்கு முன்னும் பின்னும் கவிழ்த்துப் பார்ப்பார். தலைமைச் சமையல்காரன் அதைச் சுத்தம் பார்ப்பதாக நினைத்து மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டி, "இந்த மனிதனைப் பார்த்துப் பழகுங்கள்" என்றானாம். அவரோ எங்களிடம், "ஐசே, அவங்கடை தட்டு எல்லாம் செக் நாட்டுத் தட்டு. மெனு அட்டையிலை மட்டும் சுவிஸ் கொடி" என்றார்.

அவர் ரவை சேர்த்தார். துவக்கில் போடுகிற தோட்டாவை எங்கள் பக்கத்தில் ரவை என்போம், சுட்டபிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூட்டைக் கோது என்போம். உப்புமாக் கிண்டுகிற ரவைக்கும் அதே பெயர்தான். இதை வைத்து எங்களோடு இருந்த சாவகச்சேரிப் பெடியன் அவருக்கு ரவையர் என்று பெயர் வைத்தான். சமையல் முறை அவருடையதாக வரும் நாட்களில், "ரவையர் இண்டைக்கு எந்த யுத்தத்து ரவையிலை உப்புமா?" என்று கேட்பான். அவர் கோபிக்க மாட்டார். "உமக்கு எது செமிக்கும்?" என்று திருப்பிக் கேட்பார்.

சப்பாத்துப் பெட்டி மூன்று வைத்திருந்தார். உள்ளே நெருப்புப்பெட்டிகளை வெட்டி ஒட்டிய சின்னச் சின்ன அறைகள், பஞ்சு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு துண்டுக் கடதாசி. எல்லாம் பழைய இராணுவத் துவக்குகளின் ரவைகள். முதலாம் யுத்தத்து இத்தாலி, இரண்டாம் யுத்தத்து ஜெர்மனி, இருபது மாதம் மட்டும் ஓடி மூடப்பட்ட ஏதோ ஒரு தொழிற்சாலையின் ஒற்றை ரவை. எதிலும் வெடிமருந்து இல்லை. சனிக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் விரிப்பு விரித்து உட்காருகிற ஒரு கிழவர், ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மருந்தைக் கொட்டி வெறும் கூடாக்கித்தான் விற்பார். இவருக்கு ஜெர்மன் படிப்பித்ததும் அந்தச் சந்தைதான். பாணும் பாலும் கேட்டு வாங்கத் தெரியாது. ஆனால் கோதுக்கு ஹூல்ஸே, ரவைக்கு பட்ரோனே, அடியில் குத்திய எழுத்துக்கு போடன்ஸ்டெம்பல் என்று கிழவரோடு மணிக்கணக்காகக் கதைப்பார். சுவிஸை விட்டுப் போகும்போது மூன்று பெட்டியையும் அந்தக் கிழவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இந்த நாட்டில் துவக்கு என்பது குடை வைத்திருப்பதைப்போல. சனிக்கிழமைகளில் இராணுவப் பயிற்சி முடிந்த பெடியங்கள் துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு ரயிலில் வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் வந்த புதிதில் ஒருநாள் அப்படி ஒருவன் எங்களுக்கு எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்து, துவக்கை முழங்காலுக்கு இடையில் நிறுத்தினான். நாங்கள் மூன்று பேரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டோம். யாரும் கேட்காமலே நான் என் அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். இவர் மட்டும் முன்னுக்குச் சாய்ந்து, "பட்ரோனே... போடன்ஸ்டெம்பல்?" என்று கேட்டார். அந்தப் பெடியன் முதலில் விழித்தான், பிறகு சிரித்தான். ஓல்ட்டன் வரும்வரை இரண்டு பேரும் கையாலும் சொல்லாலும் கதைத்தார்கள். இறங்கியபிறகு சாவகச்சேரிப் பெடியன், "அண்ணை, உங்களாலை எங்களையும் பிளேனிலை ஏத்தப் போறாங்கள்" என்று கத்தினான்.

அவர் ஏன் இதைச் சேர்க்கிறார் என்று நான் ஒரு வருடம் கேட்கவில்லை. கேட்கப் பயம். சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? ஒருநாள் அவராகவே தன் பணப்பையிலிருந்து ஒரு வெள்ளித்தாளை எடுத்து மேசையில் வைத்தார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற தாள். அதில் வட்டமாக ஒரு அச்சுப் பதிந்திருந்தது. எழுத்து, ஒரு ஏழு, வருடம்.

"என்ரை தம்பியைச் சுட்டது" என்றார்.

அவருடைய தம்பி சைக்கிளில் போகும்போது சந்தியில் வைத்துச் சுடப்பட்டவன். இருபத்திரண்டு வயது. இவர் அங்கே ஓடிப் போனபோது உடலைத் தூக்கிவிட்டார்கள். ரோட்டோரத்தில் ஒரு கோது கிடந்தது. எடுத்தார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். இவர் அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"திறீ நோட் திறீ. வெள்ளைக்காரன்ரை பழைய துவக்குச் சாமான். வருஷத்தைப் பாரும். தம்பி பிறக்க நாலு வருஷத்துக்கு முந்தியே செய்து முடிச்சிட்டாங்கள். இவன் பிறந்து, தவண்டு, பள்ளிக்கூடம் போய், சோதினை பாஸ் பண்ணுமட்டும் அது எங்கையோ பெட்டிக்குள்ளை இருந்திருக்கு."

"சரி அண்ணை, விடுங்கோ" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மடத்தனமான சொற்களில் அதுவும் ஒன்று.

அவர் விடவில்லை. அந்தச் சந்தியில் அன்று என்ன நடந்தது என்று ஊரில் இரண்டு கதை இருந்தது. ஆமி ஜீப்பில் வந்தவர்கள் சுட்டார்கள் என்று ஒரு பகுதி. இல்லை, இயக்கப் பெடியங்கள் ஜீப்புக்கு வைத்த குறி தவறி இவன்மேல் பட்டது என்று இன்னொரு பகுதி. முதற்கதையை நம்புவதுதான் சுலபம், வசதியும் கூட. ஆனால் இவர் பார்க்காமல் எழுத மாட்டாரே. பெடியங்களின் முகாமைத் தேடிப் போனார். அவர்களிடம் சாக்குச் சாக்காகக் கோது கிடந்தது, திரும்ப மருந்து நிரப்புவதற்காகப் பொறுக்கி வைத்தது. மூன்று நாள் அங்கேயே தங்கி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். அந்த முத்திரை ஒன்றிலும் இல்லை. அதன்பிறகுதான் ஊருக்கு வந்து, இன்ன முத்திரையுள்ள ரவை எந்தக் களஞ்சியத்திலிருந்து, யார் பெயரில் கொடுக்கப்பட்டது என்று கேட்டு மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினார். சான்று என்று கோதையும் இணைத்து அனுப்பிவிட்டார், வெள்ளித்தாளில் அச்சை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு. பத்தாம் நாள் ஜீப் அவருடைய வீட்டைத் தேடி வந்தது. திரும்பவும் வந்தது. அவர் நாட்டை விட்டு ஓடியது அப்படித்தான். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதில் எங்கள் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

சூரிச் சந்தையில் முதன்முதலாக அந்த மாதிரி முத்திரைகளைப் பரப்பி வைத்து ஒருவர் விற்பதைக் கண்டதும் அவருக்குக் கால் நகரவில்லையாம். அந்த முத்திரையில் ஒரு முழு ரவையைத் தேடித்தான் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தார். இரண்டு வருடம் தேடினார். கடைசியில் ட்ராம் கிழவர் இங்கிலாந்தில் ஒரு சேகரிப்பாளருக்குக் கடிதம் எழுதி எடுத்துக் கொடுத்தார். இவர் வெள்ளித்தாளை அதன் அடியில் வைத்து விரலால் அழுத்தினார். எழுத்தின்மேல் எழுத்து, ஏழின்மேல் ஏழு. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் நான் அவருக்கு ஒரு நன்மை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. அவர் வேலைக்குப் போயிருந்தார். எனக்கு வேலை இல்லை, பொழுதும் போகவில்லை. பெட்டிகளைத் திறந்து பார்த்தால் எல்லாம் கறுத்து, பச்சை பூத்து, பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை ஆசையாகச் சேர்த்துவிட்டு ஒருநாள்கூட விளக்கவில்லையே மனிதன் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் தைப்பொங்கலுக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் குத்துவிளக்கு முதல் செம்பு வரை புளி போட்டு விளக்குவது என்னுடைய வேலை. பழம்புளி ஒரு உருண்டை கரைத்தேன், உப்புப் போட்டேன், ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். என்ன மினுக்கம்! கழுவி, வெயில் எறித்த பால்கனியில் துவாயை விரித்து, வரிசையாக நிறுத்திக் காய வைத்தேன். தங்கம் தோற்றுவிடும் என்று எனக்கு ஒரே பெருமை.

எதிர்க் கட்டடத்தில் ஒரு மனுசி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, அகதிகள் வீட்டுப் பால்கனி, வரிசையாக ரவைகள். அவர் என்ன செய்வார்? பொலிசைக் கூப்பிட்டார். இரண்டு பேர் வந்தார்கள், மரியாதையாகத்தான் நடந்தார்கள். ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்து மருந்தில்லை என்று கண்டார்கள். அவர்களில் மூத்தவருக்கும் இதில் விருப்பம் இருந்திருக்க வேண்டும், கையில் எடுத்துவிட்டு உச்சுக் கொட்டி, "யார் இதைக் கழுவியது?" என்று வேதனையோடு கேட்டார். குற்றம் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். ஆனால் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பட்டியல் நேரே அவருடைய அகதி விண்ணப்பக் கோவைக்குள் போய்ச் சேர்ந்தது.

அவர் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பொலிஸ் வந்ததைக் கேட்டு அவர் அசையவில்லை. அந்த ஒரு ரவையைத் தேடி எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அதன் அடியில், நடுக்குமிழைச் சுற்றி மெல்லிய ஊதா நிறத்தில் ஒரு பூச்சு வளையம் இருந்தது. என்ன வகை ரவை என்று தொழிற்சாலை போட்டுவிட்ட அடையாளம் அது. முப்பது வருடம் பெட்டிக்குள் இருந்து, கடல் தாண்டி, அழியாமல் வந்தது. புளியில் போய்விட்டது.

"நல்லா மினுங்குது" என்றார்.

"அண்ணை, தெரியாமல்..."

"இல்லைக் காணும். நல்லாத்தான் விளக்கியிருக்கிறீர்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நல்லது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்று நானும் இரண்டு நாள் தலையில் அடித்துவிட்டு மறந்திருப்பேன். அவர் ஒவ்வொன்றையும் பஞ்சில் வைத்து மூடினார், பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கும் போட்டுத் தந்தார். அந்தச் சோற்றை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு கேஸ் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். சாப்பாட்டுக் கடையின் பின் மேசையில் உட்கார்ந்து, உன் கதையைக் கேட்டு, கூட்டிக் குறைத்து, விசாரணையில் நிற்கக்கூடிய ஒரு கதையாக்கித் தருவார்கள். அதை நாங்கள் சோதினைக்குப் படிக்கிற பிள்ளைகள்போல நடந்து நடந்து பாடமாக்குவோம். யாரையும் குறை சொல்ல மாட்டேன். உண்மையே போதாமல் போகிற இடத்தில் மனிதன் என்னதான் செய்வான்? சாவகச்சேரிப் பெடியன் செத்துப்போகாத ஒரு மாமாவைச் சாகடித்துத்தான் அனுமதி எடுத்தான், இன்றைக்கும் அந்த மாமாவுக்கு மாதம் மாதம் காசு அனுப்புகிறான். இவரையும் கேஸ் எழுதக் கூட்டிக்கொண்டு போனோம். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சந்தியிலை ஆலமரமில்லை, வேம்பு. நேரமும் பிழை" என்று எழும்பி வந்துவிட்டார்.

அவருடைய விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனது நான்தான். அதற்குள் எனக்கு அனுமதி கிடைத்து, கலியாணமாகி, வேறு வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை வகுப்பில் படித்த ஜெர்மனை வைத்து, கூப்பிடுகிற நாட்களில் விசாரணைகளுக்கு மொழிபெயர்த்தேன். பட்டியலில் அவருடைய பெயரைக் கண்டதும், தெரிந்தவர் என்று சொல்லி விலகியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருக்கு நான் ஒன்று ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

முதல்நாள் போய் அவரைக் கண்டேன்.

"அண்ணை, எல்லாத்தையும் சொல்லுங்கோ. அந்த மூண்டு நாள் முகாமிலை நிண்டதை மட்டும் எடுக்காதேங்கோ. இயக்கத்துக்கு உதவி செய்தவர் எண்டு எழுதினால் பிறகு ஒண்டும் செய்யேலாது."

"கேட்டால்?"

"கேக்க மாட்டாங்கள்."

"கேட்டால் சொல்லத்தானே வேணும்?"

"உங்களுக்கு என்ன விசரே? உயிர் அண்ணை, உயிர்!"

"தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்றார்.

விசாரணை அறையில் ஒரு அதிகாரி, தட்டச்சுக்கு ஒரு பெண், அவர், நான். எதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்ற வழக்கமான தாளில் கையெழுத்திட்டேன். அதிகாரி கோவையில் இருந்த பொலிஸ் பட்டியலை எடுத்தபோது நான் குனிந்து மேசையைப் பார்த்தேன். ஆனால் அந்த மனிதர் சிரித்தார். தன் வீட்டு அலுமாரியிலும் இராணுவம் தந்த ரவைப்பெட்டி ஒன்று இருக்கிறது என்றார், முத்திரை வைத்து மூடிய தகரப்பெட்டி. இவர் உடனே முன்னுக்குச் சாய்ந்து, "எந்த வருஷம்?" என்று கேட்டார். அதிகாரிக்குத் தெரியவில்லை. மூடியை உடைக்கக்கூடாதாம். "ஓம், உடைக்கக்கூடாதுதான்" என்று இவர் ஒப்புக்கொண்டார். தட்டச்சுப் பெண்ணும் சிரித்தார். நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

தம்பியின் சாவைச் சொன்னார். வெள்ளித்தாளைக் காட்டினார். முறைப்பாட்டைச் சொன்னார், ஜீப் தேடி வந்ததைச் சொன்னார். அதிகாரி குறிப்பெழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

"ஜீப்பில் வந்தவர்கள்தான் சுட்டார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பார்க்கவில்லையே."

நான் தமிழில் கேட்டேன். கண்ணாலும் கெஞ்சினேன். அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பெடியங்களின்ரை முகாமுக்குப் போய் மூண்டு நாள் நிண்டு எல்லாக் கோதையும் பாத்தனான். அதிலை இந்த முத்திரை இல்லை. பாக்கேக்கை, கழுத்து வெடிச்சதுகளைத் தனியா எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்டாங்கள், திரும்ப நிரப்பேலாதெண்டு. எடுத்து வச்சனான். அப்பதான் தெரியும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஒரு மூச்சு எடுத்தேன். "சந்தியில் நின்ற ஊர்ச்சனங்கள் கண்டு வந்து சொன்னார்கள்" என்று ஜெர்மனில் சொன்னேன். தட்டச்சு ஓடியது.

அவர் கையை உயர்த்தினார், வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவதைப்போல. பிறகு, சந்தையில் படித்த தன் ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக, அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். இவர் பிழையாகச் சொல்கிறார். சனம் இல்லை. முகாம். மூன்று நாள். எல்லா ஹூல்ஸேயும் நான் பார்த்தேன். நல்ல ஹூல்ஸே ஒரு பக்கம், வெடித்த ஹூல்ஸே ஒரு பக்கம்.

தட்டச்சு நின்றது. அதிகாரி என்னைப் பார்த்தார். இவரும் என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. மாமாவின் கடைக்குத் தண்டம் எழுதியபோதும் இப்படித்தான் முகத்தை வைத்திருந்திருப்பார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. விசாரணையை நிறுத்தினார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு மொழிபெயர்ப்பாளரோடு முதலிலிருந்து தொடங்கினார்கள். என்னை அதன்பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

முடிவுக் கடிதம் வந்தபோது அதை வாசிப்பதற்கு அவர் என்னிடம்தான் கொண்டுவந்தார். வேறு யாரிடமும் போயிருக்கலாம். "அவரிட்டை என்ன முகத்தோடை கதைப்பன்?" என்று நான் மாதக்கணக்காக ஒளித்துத் திரிந்தது அவருக்குத் தெரியும். வந்து, சப்பாத்தைக் கழற்றி, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கவரை நீட்டினார்.

ஐந்து பக்கம். முழுவதையும் முதலில் எனக்குள் வாசித்தேன். விண்ணப்பதாரரின் கூற்றுகள் விரிவானவை, முரணற்றவை, எல்லா அம்சத்திலும் நம்பத்தக்கவை. ஆகையால் அவர் ஒரு ஆயுத இயக்கத்தின் முகாமில் தங்கி அதன் வெடிபொருள் வேலைக்கு உதவினார் என்பதும் நம்பத்தக்கது. ஆகையால் அவருக்குத் தஞ்சம் இல்லை. பொய் சொன்னவர்களை எல்லாம் வைத்துக்கொண்டு, சொன்னதெல்லாம் உண்மை என்று எழுதியே ஒரு மனிதனை வெளியே போகச் சொல்லியிருந்தார்கள். தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"அண்ணை, அப்பீல் எழுதுவம். முப்பது நாள் இருக்கு. மொழிபெயர்ப்பு குழம்பினது, உங்கடை ஜெர்மன் காணாது, அந்த மூண்டு நாள் கதை பிழையா விளங்கப்பட்டது எண்டு எழுதுவம். நான் சாட்சிக் கையெழுத்து வைக்கிறன். எல்லாப் பழியும் என்னிலை போடுங்கோ."

"மூண்டு நாள் பொய்யெண்டோ?"

"ஓம். பொய்யெண்டே எழுதுவம். என்ன குடி முழுகிப் போகப்போகுது?"

"அந்த மூண்டு நாளாலைதானே காணும் எனக்கு ஆர் சுட்டதெண்டு தெரியும்? அது பொய்யெண்டால் தம்பின்ரையும் பொய்யாப் போகும்."

"செத்தவனுக்காக இருக்கிற நீங்கள் சாகப் போறீங்களோ?" என்று கத்திவிட்டேன். என் மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை அசைத்தார்.

"அதை என்ன மாதிரி எழுதியிருக்கிறாங்கள்? தம்பின்ரையை" என்று கேட்டார்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது. விண்ணப்பதாரரின் சகோதரர் ஜீப்பில் வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது இந்த அலுவலகத்தால் உண்மையென ஏற்கப்படுகிறது. வாசித்தேன்.

"அப்பிடியே எழுதியிருக்கோ? நீர் கூட்டிச் சொல்லேல்லையே?"

"இல்லை அண்ணை. அப்பிடியேதான் இருக்கு."

"சீல் குத்தியிருக்கோ?"

"கடைசிப் பக்கத்திலை இருக்கு."

அவர் நாற்காலியைக் கிட்ட இழுத்தார். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

"அந்த இடத்தை இன்னொருக்கா வாசியும்."

வாசித்தேன். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பப் போனேன், நாட்டை விட்டுப் போகவேண்டிய திகதி அடுத்த பக்கத்தில் இருந்தது. அவர் என் கைமேல் தன் கையை வைத்துத் தாளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்கா" என்றார்.